தோற்றுப்போன பிறகு எப்படி ஜெபிப்பது?

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிக்க மட்டும் வந்துபோகிறவன் நான். இன்று எழுத வேண்டியிருக்கிறது.

நான் நடத்திவந்த சிறு தொழிலைப் போன மாதம் மூடிவிட்டேன். ஜெபித்துத்தான் தொடங்கினோம். சபையில் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று நானே எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கள்ளக் கணக்கு எழுதியதில்லை, யாருடைய சம்பளத்தையும் பிடித்து வைத்ததில்லை. கடைசி வருடம் முழுக்க உபவாசமும் ஜெபமுமாகத்தான் போனது. அப்படியும் நின்றுபோய்விட்டது. கடன் மட்டும் மிச்சம்.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டு "கர்த்தாவே" என்கிறேன், அதற்குமேல் வார்த்தை வருவதில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஜெபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துச் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து வந்துவிடுகிறேன். "தொழில் எப்படிப் போகுது பிரதர்?" என்று யாராவது கேட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

மூத்த சகோதரர் ஒருவர், நல்ல மனதோடுதான், "எங்கேயோ ஒரு பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்" என்றார். ராத்திரி முழுக்க ஆராய்ந்துகொண்டேதான் கிடக்கிறேன். என் விசுவாசம் போதாமல் போனதா? இனி எதைச் சொல்லி ஜெபிப்பது? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜெபவீரன் எழுதியது:

சோர்ந்துபோகாதீர்கள் பிரதர். கடுகு விதையளவு விசுவாசம் இருந்தால் மலை பெயரும் (மத்தேயு 17:20). "மூடிவிட்டேன்" என்று சொல்லாதீர்கள், வாயின் வார்த்தைக்கு வல்லமை உண்டு. மூடவில்லை என்று அறிக்கையிடுங்கள். இன்னொரு உபவாசம் எடுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு இரண்டத்தனையாய்க் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

கணக்குமேசை எழுதியது:

ஜெபவீரன் பிரதர், உங்கள் வைராக்கியம் புரிகிறது. ஆனால் மூடிய தொழிலை மூடவில்லை என்று எப்படிச் சொல்வது? கடன் கொடுத்தவர் முன்னால் அப்படிச் சொன்னால் அது பொய். நம்முடைய தேவனுக்கு நம் பொய்யின் துணை தேவையில்லை.

நான் கணக்கு வேலையில் இருப்பவன். மூடிய நிறுவனங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்குபவர் பணம் தர இழுத்தடிப்பது, வட்டி ஏறுவது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது என்று காரணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவற்றை எடுத்துப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. நெகேமியா 4:9 பாருங்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கின்றன.

கரையோரம் சகோதரரே, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தாளில் முழுசாக எழுதிவிட்டீர்களா? எழுதவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். தலைக்குள் சுற்றும் கடன் எப்போதும் உண்மையான கடனைவிடப் பெரிதாகத் தெரியும்.

சங்கீதவாசகி எழுதியது:

அண்ணா, வார்த்தை வரவில்லை என்றீர்களே, அதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. வார்த்தை வராதவர்களுக்காகத்தான் சங்கீதப் புத்தகம் இருக்கிறது. அதில் உள்ள பாட்டுகளில் கணிசமான பங்கு புலம்பல்தான். நாம் ஆராதனைக்கு எடுப்பதெல்லாம் துதி சங்கீதங்களாக இருப்பதால் மற்றது கண்ணில் படுவதில்லை.

13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. மறந்துவிட்டீர் என்று தேவனையே பார்த்துச் சொல்கிற ஜெபம் இது, வேதத்துக்குள் இடம்பெற்று நிற்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேல். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அந்த மனிதர் கூப்பிடுகிறார். எந்தப் பதிலும் கிடைக்காமல், அவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பெயர் விசுவாசம் இல்லாமல் வேறென்ன?

இன்னொன்று, அன்னாள். பல வருடம் பிள்ளையில்லாத நிந்தை. ஆலயத்தில் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறார். உங்களை அந்த மூத்த சகோதரர் நினைத்ததுபோல! அவள் விளக்கம் சொல்கிறாள், ஏலி அவளை வாழ்த்தி அனுப்புகிறார். உடனே அவள் போய்ச் சாப்பிடுகிறாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது (1 சாமுவேல் 1:18). அந்த நேரத்தில் பிள்ளை பிறக்கவில்லை, கர்ப்பம்கூட இல்லை. வீட்டு நிலைமையும் அப்படியேதான் இருந்தது. உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டாள், முகம் மாறியது.

இன்று ராத்திரி சொந்த வார்த்தையைத் தேடாதீர்கள். 13-ஐ எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். சத்துரு என்று வருகிற இடத்தில் உங்கள் பயத்தின் பெயரைச் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

விடியல்தேடி எழுதியது:

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மாணவி. பெரிய தேர்வு ஒன்றில் மறுபடியும் தோற்றுவிட்டேன். கூடப் படித்தவள் ஜெபிக்கவே மாட்டாள், அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை எழுதி மேசைமேல் ஒட்டியிருந்தேன். இப்போது அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கிழித்துப்போடவும் மனசு வரவில்லை.

முன்னாள்மேய்ப்பன் எழுதியது:

மகளே, அதைக் கிழிக்க வேண்டாம். பிலிப்பியர் 4:13-ஐ அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து எழுதி ஒட்டு. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்கிறார் பவுல். எழுதியது கட்டப்பட்ட நிலையில், சிறையிருப்பில். நினைத்ததெல்லாம் நடக்கும் என்று வாக்குக் கொடுக்கிற வசனமில்லை இது. நடக்காதபோதும் தாங்கி நிற்கிற பெலனைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் இந்த வாரத்தில்தான் அது உனக்கு அதிகமாகத் தேவைப்படும்.

கரையோரம் தம்பிக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பல வருடம் சபை மேய்த்து ஓய்வு பெற்றவன் நான். தோற்றுப்போன பேதுருவைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

கடைசி இராப்போஜன மேசையில் இயேசு பேதுருவிடம் சொன்னதை லூக்கா 22:31, 32-ல் மெதுவாக வாசித்துப் பாருங்கள். சாத்தான் உங்களைக் கோதுமையைப்போலப் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்கிறார். அப்புறம், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். பேதுரு அன்றிரவே இயேசுவைத் தெரியாது என்று மறுதலிப்பான் என்று அவருக்குத் தெரியும், சொல்லியும் விடுகிறார். அப்படித் தெரிந்தவர் எதற்காக வேண்டிக்கொண்டார்? அவன் விழாமல் இருக்கும்படி வேண்டிக்கொண்டதாக எழுதப்படவில்லை. விழுந்தபின்பும் விசுவாசம் அணைந்துபோகாமல் இருக்கும்படி வேண்டிக்கொண்டார். அதே மூச்சில் "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று வேலையும் கொடுத்துவிட்டார். விழுவதற்கு முன்பே, விழுந்து எழுந்தபின் செய்யவேண்டிய வேலை கைக்கு வந்தாயிற்று.

இதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. தோல்வி ஒன்று, விசுவாசம் ஒழிந்துபோவது வேறு. உங்களுக்கு முதலாவது நடந்திருக்கிறது. இரண்டாவது நடந்திருந்தால் வெறும் "கர்த்தாவே" என்று சொல்லி முழங்காலில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

அந்த மூத்த சகோதரர் சொன்னதற்கும் பதில் சொல்லவேண்டும். பாவத்தால் வருகிற தோல்வி உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆயி பட்டணத்தில் இஸ்ரவேலர் தோற்று முப்பத்தாறு பேர் செத்தார்கள், அதற்குப் பின்னால் ஆகானின் திருட்டு இருந்தது (யோசுவா 7). ஆனால் அங்கே நடந்ததைக் கவனியுங்கள். இஸ்ரவேலின் தலைவனாகிய யோசுவா சாயங்காலம்வரை முகங்குப்புற விழுந்துகிடந்தான். கர்த்தர் சொன்னது, "எழுந்திரு, நீ இப்படி முகங்குப்புற விழுந்துகிடக்கிறது என்ன?" என்பதுதான். என்ன தவறு, எதை எடுத்தார்கள், எங்கே மறைத்தார்கள், இனி என்ன செய்யவேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே வெளியாக்கினார். ராத்திரி ராத்திரியாய்த் தேடிக் கண்டுபிடி என்று விடவில்லை. ஆவியானவர் உணர்த்தினால் தெளிவாக உணர்த்துவார்: இன்னாருக்கு இதைத் திருப்பிக் கொடு, இன்னாரிடம் மன்னிப்புக் கேள் என்று. பெயரும் இல்லாமல், வழியும் இல்லாமல், நெஞ்சைப் பிசைந்துகொண்டே இருக்கிற குற்ற உணர்வை அவர் தலையில் போடாதீர்கள். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு (யோவான் 9:3). அந்தப் பதில் உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை ஆராய்ந்து பார்த்தீர்கள். போதும். எழுந்திருங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

நான் சபைக்குப் போவதை விட்டுப் பல காலம் ஆயிற்று. சண்டைக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்கிறேன். ஜெபித்தவருக்கும் கடை மூடியது, ஜெபிக்காத பக்கத்துக் கடைக்காரருக்கும் மூடியது. ஜெபித்தவள் தோற்றாள், ஜெபிக்காதவள் தேறினாள். அப்படியானால் ஜெபம் எதை மாற்றியது? மனசுக்கு ஆறுதல் என்றால் அதற்குத் தேவன் எதற்கு, ஒரு நண்பன் போதுமே?

சங்கீதவாசகி எழுதியது:

நல்ல கேள்வி. சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது.

இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று இயேசு மூன்று தரம் கேட்டார். நீங்கவில்லை. விடிந்ததும் சிலுவை. ஆனால் எபிரெயர் 5:7 அவருடைய ஜெபம் "கேட்கப்பட்டு" என்றே சொல்கிறது. கேட்கப்பட்டது என்றால் என்ன? தோட்டத்துக்குள் போகும்போது "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னவர், ஜெபம் முடிந்து வரும்போது "எழுந்திருங்கள், போவோம்" என்கிறார். யாரைப் பார்த்துப் போவதற்கு? காட்டிக்கொடுக்கிறவனை நோக்கி! துக்கம் பொய்யாகவில்லை, சூழ்நிலையும் மாறவில்லை. ஆனால் அவர் பிதாவின் கையில் தன்னைக் கொடுத்துவிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் நடந்ததை நான் நம்புகிறேன். அதனால் அந்த ஜெபம் வீணாகவில்லை என்றும் நம்புகிறேன். நீங்கள் நம்பவில்லை என்றால் என் பதில் பாதியில் நிற்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

நண்பன் போதுமே என்றீர்கள். நண்பர்கள் வேண்டும்தான். இயேசுவும் மூன்று பேரைக் கூட வைத்துக்கொண்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

கேள்விக்குறி எழுதியது:

சரி. யோசிக்கிறேன். பாத்திரம் நீங்காமலே ஜெபம் கேட்கப்பட்டது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். ராத்திரி தூக்கமில்லை என்ற வரியில்தான் என் கண் நின்றது, அதனால் இதை மட்டும் சொல்கிறேன்.

கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பார்த்த எலியா தீர்க்கதரிசி, அடுத்து யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே பிரதர், இப்போதைக்கு உபவாசம் வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். விடியல்தேடி தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான்.

ஜெபவீரன் எழுதியது:

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இப்படியே பேசினால் தேவன் அற்புதம் செய்வார் என்று எதிர்பார்க்கவே நாம் கூச்சப்படத் தொடங்கிவிடுவோம். கேளுங்கள், கொடுக்கப்படும் என்று சொன்னவர் அவர்தானே?

முன்னாள்மேய்ப்பன் எழுதியது:

அவர்தான். கூச்சப்படாமல் கேட்கவேண்டும், அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். மூன்று எபிரெய வாலிபர்கள் நெருப்புச் சூளைக்கு முன்னால், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அதற்கு அடுத்த வசனத்திலேயே, "விடுவிக்காமற்போனாலும்" உன் சிலையைப் பணியமாட்டோம் என்று ராஜாவிடமே சொன்னார்கள் (தானியேல் 3:17, 18). நாம் முதல் வசனத்தைப் பிரசங்கித்துவிட்டு அடுத்ததை விட்டுவிடும்போதுதான் கரையோரம் தம்பி மாதிரி ஆட்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பவுலும் தன் சரீரத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன உபத்திரவத்தை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டவர்தான். "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலின் விசுவாசம் போதவில்லை என்று நம்மில் யார் சொல்வோம்?

யோபுவைச் சொன்னீர்கள். இரண்டத்தனையாய்க் கிடைத்தது உண்மை. அதே அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபுவின் சிநேகிதர்மேல் என்பதும் உண்மை. அந்த மூவரும் வந்த முதல் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஓலைச்சுவடி எழுதியது:

வேதத்துக்கு வெளியே ஓர் உதாரணம். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1800-இன் கடைசியில். நடுவில் பிள்ளை செத்தது, மனைவிக்கு மனநோய். அப்புறம் 1812 மார்ச் 11 அன்று கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் இருந்த அவர்களுடைய அச்சகம் தீப்பிடித்து எரிந்தது. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். வருடக்கணக்கான மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதிகளும், அவர் தொகுத்துக்கொண்டிருந்த பெரிய பன்மொழி அகராதியும் சாம்பலாயின. அச்சு இயந்திரங்கள் மட்டும் தப்பின. அதற்குப் பிறகு அவர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 46:10, "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்". அமர்ந்திருந்து என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உருகிப்போன உலோகத்தைத் திரட்டி மறுபடியும் எழுத்து வார்த்தார்கள், சில மாதங்களுக்குள் அச்சடிப்பு மறுபடி ஓடியது. எரிந்த மொழிபெயர்ப்புகளை அவர் திரும்ப உட்கார்ந்து எழுதினார்.

அந்த அகராதி திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில இழப்புகள் இழப்பாகவே இருந்துவிடுகின்றன.

விடியல்தேடி எழுதியது:

முன்னாள்மேய்ப்பன் ஐயா, 12-ஆம் வசனத்தையும் எழுதி ஒட்டிவிட்டேன். கூடப் படித்தவளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டிருந்தது. இன்று கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். எனக்குப் பாடக் குறிப்புகளைத் தருகிறேன் என்றாள். மறுபடியும் எழுதுவதா, வேறு வழி பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்காக ஜெபியுங்கள்.

கரையோரம் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை. இப்போதைக்கு எல்லோருக்கும் சேர்த்து.

13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தேன். இரண்டாவது வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. மனைவி உள்ளே வந்து பக்கத்தில் முழங்கால் போட்டாள். அவளிடம் முதல் தடவையாக முழு விவரத்தையும் சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்தேதான் இருந்தது. அப்புறம் இருவரும் உட்கார்ந்து கணக்குமேசை சொன்ன பட்டியலை எழுதினோம். நான் பயந்திருந்த தொகையைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் பெரிய தொகை.

"ஒருமுறை ஆராய்ந்தது போதும்" என்ற ஐயாவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத் தூங்கினேன். சபையில் இன்னும் யாரிடமும் பேசவில்லை. பேசுவதா?

முன்னாள்மேய்ப்பன் எழுதியது:

எல்லோரிடமும் வேண்டாம். சாட்சி சொன்ன மேடையிலேயே தோல்வியையும் சொல்லவேண்டும் என்று உங்களுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. போதகரிடமும், வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரே ஒருவரிடமும் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்காக ஜெபிக்கும்போது நீங்கள் சும்மா ஆமென் சொன்னால் போதும். உங்களுக்கு வார்த்தை வராத நாட்களில் அவர்களுடைய வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் முடியும்வரை இருங்கள். அது உங்களுக்கும் சேர்த்துத்தான் கூறப்படுகிறது.

கணக்குமேசை எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். கடன் கொடுத்தவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிடுங்கள். பெரிய தொகை உள்ளவரை முதலில் பாருங்கள். பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள், மாதாமாதம் உண்மையாகவே எவ்வளவு கட்ட முடியுமோ அதைச் சொல்லுங்கள். விசுவாசத்தில் கூட்டிச் சொல்லவேண்டாம். பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது.

கரையோரம் எழுதியது:

பெரிய தொகை கொடுத்தவரை வியாழக்கிழமை பார்க்கிறேன். கடுமையான மனிதர், ஆனால் நியாயமானவர். போதகரிடம் பேசிவிட்டேன், அவரே கூட வருகிறேன் என்றார். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபவீரன் எழுதியது:

வியாழன் அன்று உங்களுக்காக நான் உபவாசம் இருக்கிறேன் பிரதர். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குச் சந்திப்பு?

கரையோரம் எழுதியது:

காலை 11 மணி. நன்றி பிரதர்.